தீவாகிப்போன தோட்டங்கள்: கேமரன் மலையில் வீடும் நிலமும் சாலையும்

கேமரன் மலை வரைபடத்தில் பகாங் மாநிலத்துக்குள் இருக்கிறது. ஆனால் மேலே ஏறும் பழைய சாலை பேராக் மாநிலத்துத் தாப்பாவில் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் அந்தச் சாலை தானா ராத்தாவை எட்டியது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் மலைக்கு வேறு மோட்டார் சாலையே கிடையாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு இரண்டாவது சாலை வந்தது. அதுவும் பேராக்கிலிருந்துதான். ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் பக்கம் இறங்கும் மூன்றாவது சாலை போடப்பட்ட பிறகே, மலைவாசிகள் எல்லை தாண்டாமல் தங்கள் சொந்த மாநிலத்துக்குள் பயணம் செய்ய முடிந்தது. மாநிலத் தலைநகர் குவாந்தான் இன்றும் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நிலம் பற்றிய இறுதி முடிவுகள் எல்லாம் அங்கேதான் எடுக்கப்படுகின்றன.

ஆக, கடல் இல்லாமலே ஒரு தீவு. அந்தத் தீவுக்குள் இன்னும் சிறிய தீவுகள் உண்டு. அவைதான் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள். நெடுஞ்சாலையில் ஹாபுவிலோ பிரிஞ்சாங்கிலோ இறங்கி, ஒரு வண்டி மட்டுமே தாராளமாகப் போகக்கூடிய ஒடுங்கிய வளைவுப் பாதையில் சில கிலோமீட்டர் உள்ளே போனால் லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், தெரியும். பக்கத்தில் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மருந்தகம், தேயிலை ஆலை. வார இறுதிகளில் கார்கள் வரிசையாக நுழைந்து, பச்சை மேடுகளைப் படம் பிடித்துவிட்டுத் திரும்புகின்றன. அந்தப் படங்களின் ஓரத்தில் தகரக் கூரைகள் சில தெரியும். அந்தக் கூரைகளின் கீழ் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பெயரில் அங்கே ஓர் அடி நிலம்கூட இல்லை. சாலை வந்தும் தோட்டங்கள் தீவுகளாகவே நிலைத்ததற்கு மலையின் உயரத்தையோ தூரத்தையோ காரணமாகச் சொல்ல முடியாது. நிலப்பதிவேட்டில்தான் காரணம் இருக்கிறது.

மலையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1885-இல் அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1925-இல் மலாய் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேலே வந்து பார்த்துவிட்டு, இதை மலைவாழிடமாகவும் வேளாண்மை நிலமாகவும் திறக்கலாம் என்று முடிவெடுத்தார். தானா ராத்தாவில் சோதனைத் தோட்டம் போடப்பட்டது. 1929-இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து ஹாபு அருகே போ தோட்டத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தோட்டமும் எழுந்தது. காடு வெட்டி, சரிவைத் திருத்தி, கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

அந்த ஆண்டுகளை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்தது. கீழே சமவெளியில் பால்மரத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அதே காலத்தில், மேலே தேயிலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிப் பயணத்தில் கூலியாட்கள் மலாயாவுக்குப் போவதைத் தடை செய்தது. புது ஆள் வரத்து நின்றது. அதன்பின் லயங்களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்தவர்கள். கப்பல் பார்க்காத தலைமுறைகள் அவை. ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்கிறவர்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அந்த ஊர் ஊரல்ல, ஒரு நிறுவனத்தின் நிலம்.

ஜார்ஜ் மேக்ஸ்வெல்லின் தந்தை வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல்லும் மலாயா நிர்வாகி. 1880களில் ஆஸ்திரேலியாவின் டோரன்ஸ் நிலப்பதிவு முறையை நேரில் ஆராய்ந்து, அதை மலாய் மாநிலங்களுக்குக் கொண்டுவர முன்னின்று உழைத்தவர். பதிவேட்டில் பெயர் இருப்பவரே உடையவர் என்பது அம்முறையின் அடிப்படை. தந்தை வேரூன்றச் செய்த சட்டத்தின் கீழ்தான் மகன் மலையைத் திறந்தார். அந்தச் சட்ட மரபின் வாரிசு, இன்று நடப்பில் உள்ள 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம். அதன் 48ஆம் பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், அனுமதி பெற்றே குடியிருந்தாலும், உரிமை பிறக்காது என்கிறது. 341ஆம் பிரிவு தனியார் பட்டா நிலத்துக்கும் அதையே சொல்கிறது. 5 ஆண்டு இருந்தவருக்கும் 90 ஆண்டு இருந்த குடும்பத்துக்கும் அங்கே வேறுபாடு இல்லை. ‘இங்கேயே பிறந்தோம், இங்கேயே செத்தோம்’ என்று தோட்ட மக்கள் சொல்லும் நியாயத்தை எடைபோட அந்தச் சட்டத்தில் தராசே இல்லை.

காலனி ஆட்சிக்கு நிலத்தின் தேவை தெரியாமல் இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு தங்கும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னது. ஏறத்தாழ 6 சென்ட். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொன்னதும் அதே தொகுப்புதான். கீரை போட, கோழி வளர்க்க, ஒரு பசு கட்ட இடம் கொடு. பெயருக்கு எழுதிக் கொடுக்காதே. இதுதான் அந்த ஏற்பாடு. சமவெளியில் வாழையும் முருங்கையும் நின்ற இடத்தில், மேலே குளிருக்கு ஏற்ற கோசும் சவ்சவ்வும் நின்றன. உழைத்துப் பண்படுத்திய மண் அவர்களுடையதாக ஒருநாளும் ஆகவில்லை.

தோட்ட வாழ்க்கையின் அன்றாடமும் இந்த உடைமை ஏற்பாட்டை ஒட்டியே அமைந்தது. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, மணி. மூடுபனியில் கம்பளிச் சட்டை போட்டு, நெகிழி உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு பெண்கள் மேட்டுக்கு ஏறுவார்கள். கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்தது. பின்னர் இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கும் வெட்டு இயந்திரமும் வந்தது. சரிவு கடுமையான இடங்களில் இன்றும் கத்தரிதான். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் இருக்கும். துரை, கிராணி, மண்டோர் என்று படிப்படியாக அதிகாரம். கூலி கொடுக்கிறவரே வீட்டுக்காரர், தண்ணீர் கொடுக்கிறவரும் அவரே, பாதைக்குச் சொந்தக்காரரும் அவரே. உறவினர் வந்து சில நாள் தங்குவதென்றாலும் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. ஒரே கையில் இத்தனையும் சேர்ந்துவிட்டால், கூலி உயர்வு கேட்பது வீட்டைப் பணயம் வைப்பதற்குச் சமம். தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அச்சத்துக்கு உரிய இடம் கொடுத்ததில்லை என்பது என் கருத்து.

1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் இந்தக் கட்டுப்பாடு இரும்புக் கம்பியானது. நாடெங்கும் தோட்டக் குடியிருப்புகள் வேலிக்குள் திரட்டப்பட்டன. அரிசிக்கும் அளவு வைக்கப்பட்டது. தாப்பா சாலையில் காவல் வண்டிகளோடு கூட்டமாகத்தான் வாகனங்கள் ஏறி இறங்கின. நோயாளியை இறக்குவதும், கல்யாணத்துக்கு ஈப்போ போவதும் அந்த வரிசைக்குக் காத்திருந்தன.

பிறகு வந்தது குடியுரிமைச் சிக்கல். 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. 1969 இனக் கலவரத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் ஆயிரமாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாததாலும், பிறப்புப் பத்திரம் தொலைந்துபோனதாலும், பட்டணத்து அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை இழந்து போய்வர முடியாததாலும் நாட்டையே இழந்தவர்கள் அவர்களில் உண்டு. மலைத் தோட்டங்களில் இது இன்னும் கடினமாக இருந்திருக்கும். போய்வரும் தூரம் ஒருவருடைய குடியுரிமையைத் தீர்மானித்த காலம் அது.

தோட்டத் தொழிலாளர் வீட்டுச் சிக்கலின் மையத்தில் ஓய்வு வயது இருக்கிறது. மலேசியத் தோட்டங்களில் பொதுவான வழக்கம், வேலை இருக்கும் வரை வீடு என்பதுதான். ஓய்வு வயது 55-ஆக இருந்து, 2013 முதல் 60-ஆனது. அந்த வயதில் வேலை முடிந்தால் வீடும் முடியும். பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால் குடும்பம் தொடர்ந்து இருக்கலாம். ஆகவே படிப்பில் கெட்டிக்காரனான மகனைப் பட்டணத்துக்கு அனுப்புவதா, வீட்டைக் காப்பாற்ற மேட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வி எத்தனையோ குடும்பங்களில் எழுந்தது. படித்தவர்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள் என்று மேலோட்டமாகச் சொல்கிறோம். அவர்கள் போனபோது பெற்றோரின் கூரையும் சேர்ந்து ஆட்டம் கண்டது என்பதை யாரும் சொல்வதில்லை.

வேலை இழப்புக்குச் சட்டத்தில் கணக்கு உண்டு. 1980ஆம் ஆண்டு விதிகள், பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 10, 15 அல்லது 20 நாள் கூலி என்று இழப்பீட்டை வரையறுக்கின்றன. வீட்டை இழப்பதற்கு அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் வீட்டின் தரத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. தண்ணீர், மின்சாரம், கழிவறை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் வருகின்றன. நல்ல சட்டம். ஆனால் வீடு யாருடையது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. சொந்த வீட்டுத் திட்டம் என்ற பேச்சு 1970களிலேயே அரசு மட்டத்தில் தொடங்கிவிட்டது. திட்டம் முதலாளிகளின் விருப்பத்தை நம்பியே விடப்பட்டதால் பெரும்பாலான தோட்டங்களை அது எட்டவில்லை.

சமவெளியில் 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல், அதாவது தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பது, நடந்தபோது துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். நம் சமூகம் நிலத்தை நோக்கி எடுத்த மிகப் பெரிய அடி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களோ துண்டாடப்படவில்லை. நிறுவனங்கள் நிலைத்து நின்றன. தேயிலை இன்றும் விளைகிறது. அதனாலேயே இங்குள்ள குடும்பங்களின் நிலை செய்தித்தாள் தலைப்புக்கு வராமல் மெல்ல மெல்லக் கரைந்தது. இடித்துத் தள்ளும் இயந்திரம் வந்தால் செய்தியாளரும் வருவார். ஒவ்வொரு வீடாகக் காலியாகி, அதில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர் குடியேறினால் யார் எழுதுவார்கள்? புதிதாக வந்தவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1929-இல் நம் முன்னோர் நின்ற இடத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிவரும் உரிமைகூடக் கிடையாது.

பள்ளிக்கும் இதே கதி. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் நிறுவன நிலத்தில் நிற்பவை. நிலம் அரசுடையது அல்ல என்ற காரணத்தால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகள் என்ற பட்டியலில் வைக்கப்பட்டு, கட்டட நிதிக்குக் கையேந்தி நின்றன. தோட்டக் கோயில்களும் அப்படித்தான். மூன்று தலைமுறை திருவிழா எடுத்த கோயிலுக்கு நிலப்பதிவேட்டில் முகவரி இல்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை நினைவூட்டும். ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய அதே 1929-இல்தான் பம்பாய் பர்மா நிறுவனம் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. கூலி உயர்வு கேட்ட மாஞ்சோலைத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். குத்தகை 2028-இல் முடிவதை முன்னிட்டு 2024-இல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். இலங்கை மலையகத்தில் 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டம் நடக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தார். இன்னும் மிகப் பலர் லயத்தில்தான் இருக்கிறார்கள். எனினும் அங்கே காணியுரிமை ஓர் அரசியல் கோரிக்கையாக உருவெடுத்துவிட்டது. மூன்று நாட்டு மலைகளிலும் வீட்டை வேலையோடு கட்டிய முடிச்சு ஒன்றே. கேமரன் மலையில் மட்டும் அந்த முடிச்சைப் பற்றிப் பேச ஆளில்லை.

நிலம் இல்லாதவர்கள் நாம் மட்டும் அல்லர். மேக்ஸ்வெல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மலையில் வாழ்ந்தவர்கள் செமாய் பூர்வகுடியினர். 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடியினர் சட்டம் அவர்களுக்கும் அரசு விரும்பும் வரை குடியிருக்கும் நிலையையே கொடுத்தது. ஆனால் சிலாங்கூரில் சாகோங் தாசி என்ற தெமுவான் பூர்வகுடி மனிதரும் அவர் ஊராரும் தொடுத்த வழக்கில், 2002-இல் உயர்நீதிமன்றம் மரபுவழி நில உரிமையை ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. தோட்டத் தமிழருக்கு அப்படி மரபுரிமை வழியும் இல்லை. கூலியாக வந்தவர் என்ற பழைய வகைப்பாடு அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. ஆகவே இது நீதிமன்றத்தில் தீரக்கூடிய வழக்கு அல்ல, அரசியல் தீர்க்க வேண்டிய கடன்.

மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு: தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது டி.ஓ.எல். வைத்துப் பயிரிட்டுவந்த காய்கறி விவசாயிகள். சீனர்கள் பலர், தமிழரும் உண்டு. நிலச் சட்டப்படி அந்த உரிமம் எந்த மாதம் கொடுக்கப்பட்டாலும் அந்த ஆண்டின் டிசம்பர் முடிவோடு காலாவதியாகும். விற்கவும் முடியாது, உரிமையாளர் இறந்தால் அதுவும் இறக்கும். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் சரிவில் மண் அணைக்கும் சுவருக்கு ஏன் காசு போடுவார்? கிடைத்த ஆண்டில் கிடைத்ததை எடுக்கத்தான் பார்ப்பார். கேமரன் மலையின் மண் அரிப்புக்குப் பேராசையை மட்டும் காரணம் காட்டுவது பாதி உண்மை. உரிமம் இல்லாமலே காடு அழித்தவர்களும் சேர்ந்துகொள்ள, மண் ஆற்றில் இறங்கி, 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபுபக்கார் அணையின் ரிங்லெட் ஏரியைத் தூர்த்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலை பெருமழையில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் வீடுகளில் புகுந்து உயிர்ப்பலி நேர்ந்தது. ஆற்றோரத்தில் குடியிருந்தவர்கள், வேறு இடத்தில் நிலம் இல்லாததால் அங்கே குடியிருந்தவர்கள்.

சாலை மலையைத் திறந்தது உண்மை. யாருக்குத் திறந்தது என்று கேட்க வேண்டும். கோசும் தக்காளியும் இரவோடிரவாக லாரியில் இறங்கி விடியலில் கோலாலம்பூர்ச் சந்தையிலும் சிங்கப்பூரிலும் நிற்கின்றன. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்குக்கும் தானா ராத்தாவுக்கும் இடையிலான சில கிலோமீட்டரைக் கடக்க மணிக்கணக்கில் ஆகிறது. அந்த நெரிசலில் தோட்டத்திலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணியும் மாட்டிக்கொள்கிறார். பெரிய சிகிச்சை என்றால் ஈப்போதான். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களில் அந்த வழியும் இல்லை. 2010 டிசம்பரில் சிம்பாங் பூலாய் சாலையில் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து, பெரும்பாலும் தாய்லாந்துப் பயணிகளான இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே அதிர்ந்தது. அதே வளைவுகளில்தான் மலைவாசிகள் ஆண்டு முழுதும் போய்வருகிறார்கள்.

அரசியலில் இந்த மக்களுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. கேமரன் மலை தனி நாடாளுமன்றத் தொகுதியான 2004 முதல் 2018 வரை மலேசிய இந்தியர் காங்கிரசே (ம.இ.கா.) வென்றது. 2018 முடிவு வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்டதென்று நீதிமன்றத்தால் ரத்தானது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, நாடாளுமன்ற மக்களவையின் முதல் பூர்வகுடி உறுப்பினரானார். ஒவ்வொரு தேர்தலிலும் தோட்டத்துக்குள் அரிசி மூட்டை வந்தது, பள்ளிக்கு நிதி வந்தது, கோயிலுக்குக் காசோலை வந்தது. பட்டா வரவில்லை. தமிழர் ஒருவரே உறுப்பினராக இருந்த அந்த ஆண்டுகளில் இதைச் செய்யாமல் விட்டது மன்னிக்கத்தக்கதல்ல.

செய்ய முடியாத காரியம் அல்ல இது. நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது. தோட்ட நிலத்தை வேறு பயனுக்கு மாற்றவோ, பிரிக்கவோ, குத்தகையைப் புதுப்பிக்கவோ நிறுவனங்கள் மாநில அரசிடம்தான் வர வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவு, பயன்பாட்டை மாற்றும்போது நிபந்தனை விதிக்க மாநில அரசுக்கு இடம் தருகிறது. குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றிய குடும்பங்களுக்கு, பள்ளியும் கோயிலும் சாலையும் எட்டும் தூரத்தில் வீட்டு மனை ஒதுக்க வேண்டும் என்பதை அந்த நிபந்தனையாக்கலாம். பள்ளி நிலங்களை அரசு கையகப்படுத்தலாம். இப்போதும் அங்கே மேடேறும் முதிய பெண்கள் சிலருக்காவது இது அவர்கள் உயிரோடிருக்கும்போதே கிடைக்க வேண்டும். பகாங் சட்டமன்றத்தில் இந்தக் கோரிக்கையை எழுப்புமாறு தங்கள் பிரதிநிதிகளுக்கு மலேசியத் தமிழ் வாசகர்கள் எழுத வேண்டும். தானா ராத்தா நில அலுவலகத்தில் ஒவ்வொரு தோட்டக் குடும்பத்தின் விண்ணப்பமும் எழுத்தில் பதிவாக நம் இயக்கங்கள் உதவ வேண்டும்.